14 குடும்பங்களுக்கு ஒரு மனை: வேலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், 60 வார்டு மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாநகராட்சி எல்லைக்குள் 20 சென்ட் இடம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். இலவசமாகக் கேட்கவில்லை. அரசு வழிகாட்டி மதிப்பை வைத்து நீங்கள் நிர்ணயிக்கிற விலையைக் கொடுக்கிறோம். விற்க மனமில்லை என்றால் நீண்ட காலக் குத்தகைக்கு விட்டாலும் சரி. ஏலம் மட்டும் வேண்டாம். ஏலத்தில் எங்களால் ஏன் நிற்க முடியாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் 14 குடும்பங்கள். சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, கொணவட்டம், கொசப்பேட்டை என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களில் இரண்டு பேர் நர்ஸ். ஒரு தம்பதி தினமும் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறவர்கள். ஒரு தம்பி ஆட்டோ ஓட்டுகிறார், இன்னொருவர் கல்லூரி லேபில் இருக்கிறார், ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஒரு பெண் தையல் மெஷினை நம்பி மகளைப் படிக்க வைக்கிறார். மீதிப் பேரில் பாதி என்னைப் போலப் பென்ஷன்காரர்கள்.

நாங்கள் கட்ட நினைப்பது கூட்டுக் குடியிருப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனி சமையலறை, தனி கழிவறை, தனிப் பூட்டு. வீட்டை மட்டும் கொஞ்சம் சின்னதாகக் கட்டிக்கொள்வோம். அப்படி மிச்சமாகிற இடத்தையும் பணத்தையும் போட்டு எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூடம், அதை ஒட்டி ஐம்பது அறுபது பேருக்குச் சமைக்கிற மாதிரி ஒரு அடுக்களை, வெளியூர் விருந்தாளிகளுக்கு இரண்டு அறை, துணி துவைக்க ஓர் இடம், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை. வாரத்தில் இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாடு பொதுவில். முறை வைத்துச் சமைப்போம். வேண்டியவர்கள் வரலாம், வேண்டாதவர்கள் தங்கள் வீட்டில் ரசம் வைத்துக்கொள்ளலாம்.

"இது அபார்ட்மெண்ட் தானே, கிளப் ஹவுஸ் மாதிரி ஏதோ சேர்த்துக் கட்டுகிறீர்கள்" என்று ஒரு கவுன்சிலர் கேட்டார். அபார்ட்மெண்ட்டில் முதலில் கட்டடம் வருகிறது, அப்புறம் ஆட்கள் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது கிரகப்பிரவேசத்தன்று தெரியும், சில சமயம் அன்றைக்கும் தெரியாது. இதில் ஆட்கள் முதலில் சேர்கிறார்கள். மாசக்கணக்கில் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிலர் விலகிப் போகிறார்கள், மிஞ்சியவர்கள் ஒரு ஆர்க்கிடெக்ட்டை உட்கார வைத்துப் பிளான் போடுகிறார்கள். படிக்கட்டு எங்கே இறங்க வேண்டும், அடுக்களை ஜன்னல் எதைப் பார்க்க வேண்டும், வண்டிகளை எந்த மூலையில் நிறுத்தினால் முற்றத்தில் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம் என்பதையெல்லாம் அங்கே குடியிருக்கப் போகிறவர்களே முடிவு செய்கிறார்கள்.

வெளிநாட்டில் இது ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. டென்மார்க்கில் யான் குட்மண்ட்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964-ல் நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்து இப்படி ஒரு குடியிருப்புக்குத் திட்டம் போட்டார். நிலம்கூட வாங்கிவிட்டார்கள். பிள்ளைகள் சத்தம் தாங்க முடியாது என்று அக்கம்பக்கத்தார் எதிர்க்க, அந்த முயற்சி படுத்துவிட்டது. (நம் ஊரில்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) அப்புறம் 1967-ல் போடில் கிரோ என்ற பெண்மணி, ஒரு குழந்தைக்கு நூறு பெற்றோர் இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஹிலரோட் ஊருக்குப் பக்கத்தில் 1972-ல் 27 வீடுகளோடு சேட்டடாமன் குடியிருப்பு எழுந்தது. அமெரிக்காவில் முதலாவது 1991-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் வந்தது. எல்லா இடத்திலும் சூத்திரம் ஒன்றுதான்: சின்ன வீடு, பெரிய பொதுக்கூடம், வாரத்தில் சில நாள் கூட்டுச் சாப்பாடு, எல்லாரும் உட்கார்ந்து எடுக்கிற முடிவு.

ஆனால் வேலூர்க்காரர்களுக்கு டென்மார்க்கைக் காட்டி விளக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்கள் உங்கள் மன்றத்திலேயே பலர் இருப்பீர்கள்.

நான் வளர்ந்தது கொசப்பேட்டையில், ஏழு போர்ஷன் வீட்டில். நீளமான ஒரு நடை, நடுவில் கிணறு, கோடியில் ஒரே ஒரு கக்கூஸ். காலையில் தகர வாளியை வரிசையில் வைத்து இடம் பிடிப்போம். யாராவது வாளியை நகர்த்திவிட்டால் அன்றைக்குப் பூரா சண்டை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது எதிர் போர்ஷன் அத்தை வேப்பிலை கட்டி, இளநீர் வாங்கி வைத்து, அம்மா வேலைக்குப் போய்த் திரும்பும் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. இதைச் சொன்னதும் எல்லாரும் "ஆகா, அந்தக் காலம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இன்னொன்றும் இருந்தது. போர்ஷன் காலி என்று கேட்டு வருபவரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" பதில் பிடித்தால்தான் வாடகையைப் பற்றிய பேச்சே. தனியாக இருந்த டைப்பிஸ்ட் அக்கா எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று ஏழு போர்ஷனும் கணக்கு வைத்திருந்தது. அந்த அத்தையும் வேண்டும், அந்த வீட்டுக்காரரும் வாளி வரிசையும் வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆசை. அதற்காகத்தான் தனிக் கழிவறை, தனிப் பூட்டு.

இன்றைக்கும் ஊருக்கு நடுவில் ஒரு கூட்டு வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருக்கிறது, நாம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இப்போது வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம் லாட்ஜுகளில் வாரக்கணக்கில், சிலர் மாசக்கணக்கில் தங்குகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன, போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கிறது. எங்கள் குழுவில் இருக்கும் நர்ஸ் ஒருவர் தான் பார்த்ததைச் சொன்னார். ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் மூன்று குடும்பங்கள், மூன்றும் வேறு வேறு ஊர். ஒருவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று அவருடைய கைக்குழந்தை இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறது. கடுகெண்ணெயில் மீன் பொரியும் சட்டிக்குப் பக்கத்தில் மூன்றாவது குடும்பத்துப் பாட்டி அதற்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கிறார். பாஷைகூடச் சரியாகப் புரியாதவர்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் ஆளுக்கொரு ரயிலில் காட்பாடியிலிருந்து கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து வரி கட்டுகிற நாங்கள் எதிர்வீட்டுக் காலிங் பெல்லை அழுத்த யோசிக்கிறோம்.

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் எழுபது தாண்டிய அம்மா தனியாக இருக்கிறார். பையன் அமெரிக்காவில். அவர் அக்கறையான பையன்தான், குறை சொல்ல மாட்டேன். கூடத்தில் கேமரா வைத்திருக்கிறார், அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார். ஒரு நாள் அம்மா கீழே விழுந்து கிடப்பதைக் கேமராவில் பார்த்துவிட்டார். அந்தத் தெருவில் ஒருவருடைய நம்பரும் அவரிடம் இல்லை. இருந்தது பால்காரர் நம்பர் மட்டும். பால்காரர் அலமேலுமங்காபுரத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து, சுவர் ஏறிக் குதித்து, பின்கதவைத் திறந்து தூக்கினார். பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் நாலு பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் 10.4 சதவீதம். அடுத்த கணக்கெடுப்பில் இது எவ்வளவு ஏறியிருக்கும் என்று உங்களுக்கே ஒரு ஊகம் இருக்கும். இத்தனை பேருக்கும் முதியோர் இல்லம் கட்ட மாநகராட்சியால் முடியாது, கட்டவும் வேண்டாம். சுவருக்கு அந்தப் புறம் இருப்பவர்களுக்கு இவர்களைத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சேர்ந்து வாழ்வது வாயால் சொல்கிற மாதிரி சுலபமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் சேர்ந்து சமைத்துப் பார்த்தோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் வீட்டு மொட்டை மாடியில். முதல் தகராறே கறியில்தான் வந்தது. எங்களில் மூன்று குடும்பங்கள் சைவம். பாய் வீட்டில் ஹலால் இல்லாமல் தொட மாட்டார்கள். ஷூ கம்பெனித் தம்பதிக்கு மாட்டுக்கறி இல்லாத ஞாயிறு ஞாயிறே இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதில் கிளம்பிய பிரச்சினை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசு நடத்துகிற விழாவிலேயே அந்தப் பாடு என்றால் 14 குடும்பத்துக்கு மட்டும் எப்படித் தீரும்? ஒரு ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. கடைசியில் ஏற்பாடு இப்படி ஆனது: கோழியும் ஆடும் ஹலால் கடையில் வாங்குவது, சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், அதற்குப் பச்சைப் பெயிண்ட்டில் அடையாளம், மாட்டுக்கறி சமைக்கிற அன்று அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது, அதற்கும் தனிச் சட்டி, யாரும் யாருடைய தட்டையும் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. கடைசி விதிதான் கஷ்டம். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம். முள்ளு கத்திரிக்காய் காரக்குழம்பு வைக்கிற அன்று மட்டும் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கரண்டி விடுகிறோம்.

இரண்டாவது தகராறு அண்டா யார் கழுவுவது என்பது. சமைப்பது பெருமையாக இருக்கிறது, கழுவும்போது ஆண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிடுகிறது. சமைக்கிறவர் கழுவக் கூடாது, கழுவும் முறை ஆண்களில் தொடங்கும் என்று எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகு ஓரளவு சரியானது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிடித்தவர்கள் சேர்ந்து வீடு கட்டிக்கொள்வது என்பது நம் நாட்டில் வேறு மாதிரிப் போய் முடிந்த சரித்திரம் உண்டு. மும்பை காம்தேவியில் 1915-ல் தொடங்கிய சாரஸ்வத் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் நாட்டின் ஆரம்பகாலச் சங்கங்களில் ஒன்று, அது ஒரு சமூகத்தார் தங்களுக்காக ஏற்படுத்திக்கொண்டது. அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டு வசதிச் சங்கம், பார்சி அல்லாதவருக்கு உறுப்பினராக இடமில்லை என்று வைத்திருந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் சட்ட நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வழியில் இங்கே இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டுக் குடியிருப்பு என்ற பெயரில் முதலியார் காம்பவுண்டு, வன்னியர் காம்பவுண்டு, கிறிஸ்தவர் காம்பவுண்டு, "வெஜிடேரியன் கம்யூனிட்டி" என்று கேட் போட்டுக்கொண்டு எழும். பெயரில் மட்டும் கூட்டு இருக்கும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. காட்பாடி பக்கம் ஒரு தனியார் மனை எங்களுக்குப் படிந்து வந்தது. விலை பேசி, அட்வான்ஸ் எவ்வளவு என்பது வரை போனோம். உரிமையாளர் ரொம்ப மரியாதையானவர், மோர் கொடுத்து உபசரித்தார். யார் யார் சேர்கிறீர்கள் என்று பட்டியல் கேட்டார். கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு நாள் கழித்து, தம்பி மகனுக்கு அந்த இடம் தேவைப்படுகிறது என்று போன் வந்தது.

ஆகவேதான் பொது நிலம் கேட்கிறோம். தனியாரிடம் நிலம் வாங்கும்போது அவர் யாரை உள்ளே விடலாம் என்று நிபந்தனை போடுகிறார். நிலம் மாநகராட்சியுடையதாக இருந்தால் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையை நீங்கள் போடலாம், அதைப் பத்திரத்திலேயே எழுதலாம். சாதி, மதம், சாப்பாடு, கல்யாணம் ஆனவரா இல்லையா என்பதை வைத்து யாரையும் மறுக்கக் கூடாது. வீட்டை விற்க நேர்ந்தால் குழுவுக்கு முதல் உரிமை, ஆனால் புதிதாக வருபவரைக் காத்திருப்போர் பட்டியலின் வரிசைப்படிதான் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலை மாநகராட்சி எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மீறினால் குத்தகை ரத்து. இவ்வளவு கடுமையான நிபந்தனையை நாங்களே கேட்டு வாங்குகிறோம். எங்கள் 14 பேரின் நல்ல மனசை நம்பி விடாதீர்கள். இன்றைக்கு இருக்கிற மனசு எங்கள் பிள்ளைகள் காலத்தில் இருக்கும் என்று நானே உத்தரவாதம் தர மாட்டேன்.

ஏலம் ஏன் வேண்டாம்? ஏலத்தில் ஜெயிப்பவர் குறுகிய காலத்தில் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். ஒரு பில்டர் கட்டிவிடுவார். எங்களில் ஒருவர் பி.எஃப். எடுக்க வேண்டும், ஒருவர் குடியாத்தத்தில் இருக்கும் பூர்வீக வீட்டை விற்க வேண்டும், ஆறு பேர் பேங்க் லோனுக்குப் போக வேண்டும். பேங்கில் பத்திரம் எங்கே, அப்ரூவல் எங்கே என்கிறார்கள். அப்ரூவல் கேட்டால் நிலம் யார் பெயரில் என்கிறார்கள். சரி, யாராவது ஒருவர் பெயரில் வாங்கி அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதையும் இரண்டு தடவை கட்ட வேண்டும்.

இந்தச் சிக்கலை ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகராட்சி எளிதாக அவிழ்த்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ராணுவம் காலி செய்துவிட்டுப் போன பாசறை நிலத்தை நகராட்சி எடுத்து, சின்னச் சின்ன மனைகளாக்கி, விலையை முதலிலேயே நிர்ணயித்துவிட்டது. அதிக விலை கொடுப்பவருக்கு என்றில்லாமல், அந்த இடத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று குழுக்கள் கொடுத்த திட்டங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வான குழுவுக்கு மனையைச் சில மாதங்கள் ஒதுக்கி வைத்தார்கள். அந்த அவகாசத்தில் குழு கடனும் வாங்கியது, பிளானும் முடித்தது, காலி வீடு இருந்தால் ஆளும் சேர்த்தது. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. கால்க்பிரைட்ட என்ற இடத்தில் டிராம் வண்டிகள் நிறுத்துகிற டிப்போவுக்கு மேலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம் குடியிருப்பு கட்டி 2014-ல் குடியேறியது. நிலம் நகரத்துக்குச் சொந்தம், சங்கத்துக்குக் குத்தகை. நம்ம ஊர் பஸ் டிப்போவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பயப்படாதீர்கள், அதைக் கேட்கவில்லை.

எங்களுக்கு வேண்டியது ட்யூபிங்கன் வழி. விலையை நிர்ணயியுங்கள், திட்டத்தைப் பாருங்கள், ஒரு வருஷம் ஒதுக்கி வையுங்கள். வருஷத்துக்குள் பணம் கட்டவில்லை என்றால் இடம் உங்களுடையது. எங்களைவிட நல்ல திட்டத்தோடு வேறு குழு வந்தால் அவர்களுக்கே கொடுங்கள், மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

கணக்கு டீச்சர் கணக்கு காட்டாமல் விடக் கூடாது இல்லையா? 20 சென்ட் என்பது 8,712 சதுர அடி. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதாவது 17,424 சதுர அடி வரை கட்டலாம். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். சராசரி 750 சதுர அடியில் 14 வீடு 10,500. பொதுக்கூடம், அடுக்களை, விருந்தினர் அறை எல்லாம் 1,500. படிக்கட்டு, தாழ்வாரம், லிஃப்ட் 2,000. மொத்தம் 14,000. மேலே இரண்டு மாடி, கீழே கிட்டத்தட்ட பாதி இடம் திறந்தவெளி, நடுவில் ஒரு புங்க மரம் வைக்க இடம். சித்திரையில் நூறு டிகிரியைத் தாண்டுகிற ஊரில் மரம் இல்லாத முற்றம் அடுப்பு மாதிரிதான் இருக்கும்.

தண்ணீரைப் பாருங்கள். இதே 14 குடும்பமும் தனித்தனியாக வீடு கட்டினால் 14 போர் போடும். நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போய், பக்கத்து வீட்டுப் போரின் தண்ணீரைத்தான் உறிஞ்சும். நாங்கள் ஒரே போர், ஒரே சம்ப், ஒரே மழைநீர்த் தொட்டி. காவேரித் தண்ணீர் இணைப்பும் ஒன்று போதும். குப்பையை நாங்களே பிரித்து மக்கும் குப்பையை உள்ளேயே உரமாக்கிவிடுவோம். கார் நாலே நாலு, அதுவும் பொதுவில். மீதி எல்லாம் டூ வீலர்.

விதிகளில் எங்களை இடிக்கிற இரண்டு விஷயம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம், பாராட்ட வேண்டும். தனி வீடு கட்டுகிறவருக்கு இருக்கிற அந்தச் சுலபத்தில் பத்தில் ஒரு பங்காவது சேர்ந்து கட்டுகிறவர்களுக்கும் இருக்கலாம். இன்னொன்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேலான நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்கும் திட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2016 சட்டம். அது வாங்குகிறவரை விற்கிறவரிடமிருந்து காப்பாற்ற எழுதியது. இங்கே இரண்டும் நாங்களே. எங்களை யார் என்று எடுத்துக்கொள்வீர்கள் என்பது உங்கள் நகரமைப்புப் பிரிவோடு உட்கார்ந்து பேச வேண்டியது. பேசி, எழுத்தில் ஒரு பதில் கொடுத்தால் பின்னால் வருகிற குழுக்களுக்கும் உதவும். கட்டி முடித்த பின் நிர்வாகத்துக்குப் பிரச்சினை இல்லை. 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது, சங்கமாகப் பதிவு செய்துகொள்வோம்.

எந்த இடம் என்று நாங்கள் கை காட்டவில்லை. ஆனால் எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். பூங்காவுக்கு ஒதுக்கிய ஓ.எஸ்.ஆர். நிலம் வேண்டாம். ஏரிப் புறம்போக்கு வேண்டாம். பாலாற்றுக் கரையும் வேண்டாம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். ஆற்றில் 2021 நவம்பரில் தண்ணீர் கரை புரண்டு வந்ததை எல்லாரும் பார்த்தோம். அங்கே போய் வீடு கட்டிவிட்டு அடுத்த வெள்ளத்தில் உங்களிடமே நிவாரணம் கேட்டு நிற்க மாட்டோம். யாரையாவது காலி செய்துவிட்டுத் தருகிற இடமும் வேண்டாம். ஊருக்குள், பஸ் போகிற சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும். நர்ஸ்களுக்கு நைட் ஷிப்ட் இருக்கிறது.

இதில் எனக்கே திருப்தி இல்லாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் 14 குடும்பத்தில் சொந்தமாக வாங்க முடிகிறவர்கள் பத்து. தையல் வேலை செய்யும் பெண்ணும், ஆட்டோத் தம்பியும், இன்னும் இரண்டு பேரும் வாடகைதான் கொடுக்க முடியும். பணம் உள்ளவர்கள் மட்டும் சேர்ந்து கட்டினால் இது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காகிவிடும், அதற்குப் பொது நிலம் கேட்க எங்களுக்கு முகமில்லை. வடக்கு லண்டனில் ஹை பார்னெட்டில் ஐம்பது வயது தாண்டிய பெண்கள் சேர்ந்து கட்டிய நியூ கிரவுண்ட் என்ற குடியிருப்பில் 25 வீடு. அதில் 17 சொந்தம், 8 குறைந்த வாடகைக்கு. எல்லாரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அதே மாதிரி எங்களுடையதில் நாலு வீட்டை மாநகராட்சியின் பெயரிலோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ வைத்து நியாயமான வாடகைக்கு விட வழி செய்யுங்கள். அந்த நாலு வீட்டின் கட்டுமானச் செலவில் ஒரு பகுதியைப் பத்துக் குடும்பமும் பகிர்ந்துகொள்ளத் தயார். எவ்வளவு என்பது நிலத்தின் விலையைப் பொறுத்தது. அந்தப் பெண்கள் திட்டம் போட்டது 1998-ல், குடியேறியது 2016-ல். பதினெட்டு வருஷம். எங்களில் மூத்தவருக்கு இப்போதே 74.

சில உறுப்பினர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி: இன்றைக்கு உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்களே? கேட்கட்டும் ஐயா. தனி மனை கேட்டு வருகிற நூறு பேரைவிட, சேர்ந்து கட்டுகிறோம் என்று வருகிற பத்துக் குழு மாநகராட்சிக்கு லாபம். ரோடு, லைட், பைப், பாதாளச் சாக்கடை எல்லாம் ஒரே இடத்துக்குப் போட்டால் போதும். இன்னொன்று, சண்டை வந்து கலைந்துவிட்டால்? வரலாம். வீடு எல்லாருக்கும் தனித்தனிதான், வாரச் சாப்பாடு நின்றுபோகும், கூடம் பூட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். அப்போதும் அது ஒரு சாதாரண அபார்ட்மெண்ட்டாக மிஞ்சும்.

எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் இதை ஒரு தடவை பேசியிருக்கிறோம். ஆதரித்தவர்களும் இருந்தார்கள், சிரித்தவர்களும் இருந்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இதை ஒரு பொருளாக மன்றக் கூட்டத்தில் வையுங்கள். நிலத்தை ஏலமில்லாமல் கொடுக்க அரசு அனுமதி தேவைப்படும் என்பது தெரியும், அதற்கான பரிந்துரையை அனுப்புங்கள். பிளான், வரவு செலவு, உறுப்பினர் ஒப்பந்தம், சமையல் விதி எல்லாம் ஒரே பைலில் இருக்கிறது, எந்த நாள் கூப்பிட்டாலும் கொண்டு வருகிறோம். முடியாது என்பதே உங்கள் பதில் என்றால், எந்த விதியின் கீழ் முடியாது என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். அந்த விதியைத் திருத்தச் சொல்லி அடுத்த மடலை யாருக்கு எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
14 குடும்பங்கள் சார்பில்,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர்,
சத்துவாச்சாரி, வேலூர்.